ஈசானிய மூலைச் சிம்னி

வீடு வாங்கப் போகிறவர்கள் பாத்ரூம் எத்தனை என்று கேட்பார்கள். நான் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். பிரின்ஸ்டன் பக்கம் அந்த வாயிற்காவலர் வீட்டைப் பார்த்ததும் காரிலேயே கைதட்டிச் சிரித்துவிட்டேன்.

விக்டோரியா காலத்தில் ஒரு பணக்காரர் தன் எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் கட்டியது அது. மாளிகை போய்விட்டது, அங்கே இப்போது டவுன்ஹவுஸ்கள். கேட் காத்தவனின் குட்டி வீடு மட்டும் மிச்சம். உள்ளே திரும்பினால் சுவர் இடிக்கும். ஆனால் வெளியே என்ன பவிசு. செங்குத்தான கூரை, அதன் விளிம்பில் புடவைக் கரை போல மரவேலை, வருகிற வண்டியை இரு பக்கமும் பார்ப்பதற்காகப் பிதுங்கி நிற்கும் ஜன்னல். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிம்னி. செங்கல்லை ஜடை பின்னுவதுபோல் முறுக்கி ஏற்றியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் கணவர் சேனாபதி தங்கமான மனிதர். கேட்டதும் தம்பியோடு சேர்ந்து வாங்கிவிட்டார். பிறகுதான் சென்னை வாஸ்துக்காரர் மணியனுக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"ஈசானிய மூலையில நெருப்பு சார். குடும்பத் தலைவருக்கு ஆகாது. எடுத்துடுங்க," என்றார் மணியன்.

"திங்கக்கிழமை ஆள் வந்து டெமாலிஷ் பண்ணிடுவாங்க ஷ்யாமளா. ஒரு சிம்னிதானே," என்றார் இவர்.

அந்த ஒரு சொல்லைத் தவிர அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

ஞாயிறு கிரகப்பிரவேசம். இந்த ஊரில் ஹோமம் என்றால் முதல் வேலை அலாரத்தைக் கழற்றுவது. அது அலறினால் சாஸ்திரிகளுக்கு மந்திரம் மறந்துபோகும். புகைக்கும் விஷவாயுவுக்கும் சேர்த்து அங்கே ஒரே அலாரம்தான். திரும்ப மாட்ட யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. எனக்கு இருந்தது, மாட்டவில்லை.

புகுந்த அன்று அங்கேயே படுக்க வேண்டும் என்பது வழக்கம்.

"ஒருத்தர் படுத்தா போதும்ங்க. எனக்குக் காலையில மீட்டிங்," என்று சொல்லிவிட்டு வெஸ்ட் வின்ட்சர் அபார்ட்மெண்டுக்குக் கிளம்பினேன்.

தை மாதக் குளிர். ஹீட்டரின் புகை போவதும் அந்தச் சிம்னி வழியாகத்தான். கிளம்புமுன் பரணில் ஏறி, அங்கே சிம்னியைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு கம்பளியைச் சுருட்டி அடைத்தேன். வேறு எதை வைத்தாலும் செங்கல்லில் கீறல் விழும். வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷம். காலையில் வந்து முதலில் கம்பளியை எடுத்தேன், பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

எல்லோரும் விபத்து என்றார்கள். எனக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த ஜன்னலில் உட்கார்ந்து காபி குடித்தபடி காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் சான் ரமோனிலிருந்து வந்த மச்சினர் மணியனுக்குப் போன் போட்டார். "நான் அப்பவே சொன்னேனே சார்," என்று மணியன் அழுதாராம். சிம்னிதான் அண்ணனைக் கொன்றது, வீட்டையே இடித்துவிடலாம் என்கிறார் மச்சினர். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து அதைச் சபித்தார்கள். பொறுக்கவே முடியாமல் அழுதுவிட்டேன். கணவருக்காகக்கூட நான் அப்படி அழவில்லை.

அதனால்தான் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். வாஸ்து பலிக்கவில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சேனாபதியைக் கொன்றது நான். சிம்னியில் ஒரு கோளாறும் இல்லை.