உபதேசியார் வீட்டு அப்பம்

— அது நாலாவது ஓட்டை, மாமா. கையால மறைக்காதீங்க. பெல்ட்டு நுனி முதுகு வரைக்கும் போகுது.

— தோல் நீண்டுடுச்சு, ரெனிட்டா. இப்பல்லாம் ஆம்பூர் தோலு முன்ன மாதிரி இல்ல.

— ஏங்க, ஓட்டை போட்டுக் குடுத்த இஷ்தியாக் பாயே வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டுட்டுப் போறாரு, ‘அக்கா, ஹெட்மாஸ்டருக்கு இன்னா ஆச்சு?’ன்னு. தோலப் பத்தி அவருக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமா?

— ஜெபகனி, நீ அடுப்பப் பாரு.

— அடுப்பு அணைச்சாச்சு. இன்னைக்குப் பேசி முடிக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன். சொல்லு ரெனிட்டா.

— மாமா, பதினொரு வருஷமா வேலூர் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். மருமகள்னு நினைக்காதீங்க, நர்ஸுன்னு நினைச்சுக் கேளுங்க. போன வருஷம் அறுபத்தொரு கிலோ இருந்தீங்க. இப்ப நாப்பத்தொம்பது. ரத்தம் எட்டுக்கு எறங்கிடுச்சு. இரும்பு மாத்திரை போட்டும் ஏறல. கோதுமை உங்க குடலுக்கு ஒத்துக்கலையோன்னு டாக்டரம்மா சந்தேகப்படுறாங்க. இப்படியே விட்டா அடுத்த வருஷம் பெல்ட்டு இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க.

— கோதுமையா? எங்கப்பா மாசிலாமணி உபதேசியார் வீட்டுல நின்னுக்கிட்டு கோதுமை ஒத்துக்கலைன்னு சொல்றியா? அம்பது வருஷமா சபைக்கு நற்கருணை அப்பம் இந்த வீட்டுல இருந்துதான் போகுது!

— போகுது. சுடுறது நானு. பேரு உங்களுது.

— மாவு பிசையிறது நீ. ஜெபம் பண்ணுறது நான்.

— ஜெபம் பண்ணா தோள்பட்டை வலிக்காது பாருங்க.

— இங்க பாருங்க மாமா, ரெண்டு மாசமா நோட்டுல எழுதிட்டு வர்றேன். சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்தி சாப்பிட்ட நாளெல்லாம் வயிறு உப்புசம், நாலு வாட்டி கக்கூஸ். பக்ரீத் அன்னைக்குப் பக்கத்து வீட்டு குர்ஷித் அக்கா குடுத்தனுப்பின பிரியாணி ரெண்டு தட்டு. ஒண்ணும் ஆகல.

— மூணு தட்டு.

— ரெண்டரை, ஜெபகனி! தப்பாச் சொல்லாத. ஏம்மா, மாமனார் எத்தன வாட்டி வெளிய போறாருன்னு நோட்டு போட்டு எழுதுற மருமக இந்த ஜில்லாவுல வேற யாராவது இருக்காளா?

— நாலு வாட்டி போற மாமனாரும் கம்மிதான், மாமா.

— சரி. உன் பேச்சுக்கே வர்றேன். நாளையில இருந்து சப்பாத்தி வேணாம். டெஸ்டும் வேணாம். சத்தமில்லாம முடிஞ்சுது.

— அப்படி முடியாது. இப்ப நிறுத்திட்டா டெஸ்டுல தெரியாமப் போயிடும். ரத்தம் குடுக்குற வரைக்கும் கோதுமை சாப்பிட்டே ஆகணும். இது கோதுமைதானா, இல்ல உள்ள வேற ஏதாவது பெருசா இருக்கான்னு தெரியணும் இல்ல?

— வியாதி இருக்குதான்னு பாக்க வியாதியையே திங்கணும். நல்ல படிப்பு படிச்சிருக்கீங்க.

— ஏங்க, ஒரு ஊசி ரத்தம். அதுக்கு இன்னா இவ்ளோ பேஜார்? பயமா?

— பயமா? எனக்கா? ஆஸ்பத்திரியில பாதிப் பேரு நம்ம சபைக்காரங்க. லேபுல உக்காந்திருக்கிற எழிலரசி என்கிட்ட மூணாங்கிளாஸ் படிச்சவ. மத்தியானம் ரிசல்ட் வந்தா சாயங்காலம் சபைக் கமிட்டி ஆலன் காதுக்குப் போயிடும். மெட்ராஸ்ல டப்பாவுல விக்கிற அப்பம் வாங்கலாம்னு கமிட்டியில ரெண்டு வாட்டி பேசிட்டான் அவன். ‘அப்பம் சுடுற வீட்டுக்காரருக்கே அப்பம் ஒத்துக்கல’ன்னு எழுந்து நின்னான்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முன் பெஞ்சுல உக்காருவேன்?

— இப்ப மட்டும் உக்காந்தா இருக்கீங்க? நற்கருணை எடுத்துட்டு, கடைசிப் பாட்டு முடியிறதுக்குள்ள பின்வாசல் வழியா ஓடுறீங்க. ஆலன் பொண்டாட்டி கேட்டுட்டா.

— என்ன சொன்ன?

— மனசு உருகி, தனியா அழப் போறாருன்னு சொன்னேன்.

— அது நல்ல பதில்தான்.

— மாமா, ஃபாரம் கொண்டாந்திருக்கேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. பேர் எழுதணும்.

— தனகோடின்னு எழுது.

— தென்ன மரம் ஏற வர்றாரே, அந்தத் தனகோடியா?

— அவனுக்கு இதுல என்ன கெட்டுப் போவுது?

— கல்லைத் தின்னாலும் செரிக்கிற மனுஷன் அவன். அவன் பேருல கோதுமை வியாதின்னு எழுதினா அரிவாளோட வீட்டுக்கு வருவான்.

— ஆஸ்பத்திரியில அடுத்தவங்க பேரு குடுத்தா என் வேலை போயிடும், மாமா. இன்னொண்ணு, இது குடும்பத்துல வர்றதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்க வீட்டுல முன்னாடி யாருக்காவது...

— நிறுத்து! எங்க குடும்பத்தையா கேக்குற? எங்கப்பா முப்பது வருஷம் நற்கருணைக்கு எல்லாருக்கும் பின்னால, கடைசி ஆளா நின்னாரு. பாதிரி ஐயர் அவருகிட்ட வரும்போது தட்டுல அப்பம் தீர்ந்திருக்கும். ‘பரவாயில்லீங்க ஐயரே, திராட்சரசப் பாத்திரம் போதும்’பாரு. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அந்தத் தாழ்மைக்குத்தான் கோயில் சுவத்துல பளிங்குக் கல்லு பதிச்சு வச்சிருக்காங்க. அப்பேர்ப்பட்டவரு குடலையா குறை சொல்ற?

— முப்பது வருஷமும் தீர்ந்தே போச்சா, மாமா? ஒரு மாசம் கூட மிஞ்சலியா?

— ஒரு மாசம் கூட மிஞ்சினதில்ல. அதுதாம்மா தாழ்மை.

— அத்தை, ஏன் சிரிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல.

— ஜெபகனி!

— போய்ச் சேர்ந்த மனுஷருக்கு வாக்கு குடுத்திருக்கேன். என்னைக் கேக்காதீங்க.

— என்ன வாக்கு? எனக்குத் தெரியாம எங்கப்பாவுக்கு நீ என்ன வாக்கு குடுத்த?

— கேட்டுட்டு என்னைத் திட்டக் கூடாது. எழுவத்தி நாலுல இந்த வீட்டுக்கு வந்தேனா? முதல் வாட்டி அப்பம் சுட்டு, ஆற வச்சு, வெட்டிட்டு இருந்தேன். உங்கப்பா வந்து நின்னாரு. ‘நாளைக்கு நற்கருணைக்கு எத்தன பேரும்மா பேர் குடுத்திருக்காங்க?’ன்னாரு. நூத்திப் பன்னெண்டுன்னேன். ‘நூத்திப் பதினொண்ணு வெட்டு. உங்க அத்தையும் அப்படித்தான் வெட்டுவா. அது உள்ள போனா ரெண்டு நாளைக்கு வயிறு என்னைப் படுக்க விடாது. வெளிய சொல்லிடாத’ன்னாரு. அவரு கண்ணை மூடுற வரைக்கும் மாசா மாசம் ஒண்ணு கம்மியாத்தான் வெட்டினேன்.

— மாமா? தண்ணி வேணுமா, மாமா?

— பளிங்குக் கல்லு, ரெனிட்டா. பேரு வெட்டி, தங்கக் கலர் பூசின கல்லு.

— கல்லு அங்கயே இருக்கட்டும். யாரு எடுக்கப் போறா?

— ஃபாரத்த எடு. பேர் எழுது.

— யாரு பேரு?

— யாரு பேரா? மாசிலாமணி உபதேசியார் மகன் ஞானசீலன். முழுசா எழுது. எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனத ஊரான் பேருல எழுதுவாங்களா?

— அப்ப ஆலன்?

— அவன் கிடக்கிறான். ஜெபகனி, ரிசல்ட் மட்டும் வரட்டும். அடுத்த மாசத்துல இருந்து ஒரு துண்டு கம்மியா வெட்டு. கடைசியா நான் நிக்கிறேன்.