ஒரு துணைக்கால் தூரம்

நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்மேலும் சத்தியம். வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. ஆகவே இடது கண்ணை இரண்டு முறை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மட்டும்தான் கட்டில். கூட இருப்பவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தூங்கினால் கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என்று கழன்று கிடக்கும். காலையில் தேடிப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் தோள்களை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு டீ வாங்கப் போயிருக்கிறேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாசலில் கடை வைத்திருப்பவர் எத்தனையோ பார்த்திருப்பார்.

கட்டிலில் என் அண்ணன். பஸ் ஓட்டியவன். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. புத்தி தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டர். பேச்சுதான், வாய் நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது. அவன் மகளுக்குப் புரியவில்லை, நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். அவன் தூக்கத்தில் உளறுவான், நான் தூக்கத்திலேயே பதில் சொல்வேன். நாங்கள் சண்டையில்லாமல் பேசிக்கொண்டதெல்லாம் அப்போதுதான்.

அப்படி அவனுக்கு நான் வாயானேன். நர்ஸ் ஊசியோடு வந்தால் ஏதோ முனகுவான்.

“தாத்தா என்ன சொல்றாரு?”

“இந்தப் பொண்ணு பிரேக்கே போடாம வர்றாளேங்கிறான்மா.”

வார்டு முழுக்கச் சிரிக்கும். மகள் தலை சீவிவிடும்போது முனகினால், “நீ பொறந்த அன்னைக்கு எந்த ஸ்டாப்பிங்லயும் நிறுத்தாம ஓட்டிட்டு வந்தானாம். பயணிங்க எல்லாரும் உங்க வீட்டு வாசல்லதான் எறங்கினாங்களாம்” என்பேன்.

“சும்மா அளக்காதீங்க சித்தப்பா” என்பாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இடையில் ஒரு முறை அண்ணனுக்கு மூச்சு நின்றது. தொண்டையில் குழாய் போட்டு, மெஷினில் வைத்து மீட்டார்கள். குழாயை எடுத்து, அவனுக்குப் பழைய பஞ்சுப் பேச்சு திரும்பிய பிறகு, டாக்டர் எங்களைக் கட்டிலருகே நிறுத்திக்கொண்டார்.

“மறுபடியும் மூச்சுத் திணறும். மெஷின் வெச்சா இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. வேணாம்னா, கஷ்டம் தெரியாம மருந்து குடுத்துப் பாத்துக்குவோம். முடிவு அவரோடது. நீங்க கூட நின்னா போதும்.”

நல்ல மனிதர். குனிந்து அண்ணனையே கேட்டார். “ஐயா, மெஷின் வேணுமா, வேணாமா?”

அண்ணன் சொன்னான்.

வேணும், வேணாம். அச்சில் ஒரு துணைக்கால் தூரம். அண்ணன் வாயில் அந்தத் தூரமும் இல்லை. தலையோ இரண்டுக்கும் ஒன்றுபோலவே ஆடியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“வேணாங்கிறான்” என்றேன். “களைச்சுப் போயிட்டானாம்.”

அவன் சொன்னது வேணும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்தியவன். எழுதியவர் எழுதியதை அப்படியே விடுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அவர் எழுத நினைத்தது எதுவோ அதைப் போட வேண்டும். அதைத்தான் செய்தேன்.

மகள் என் கையைப் பிடித்தாள். “சரியா கேட்டீங்களா சித்தப்பா? இன்னொரு தடவ கேளுங்களேன்.”

கேட்டேன். இந்த முறை சத்தமாகச் சொன்னான். நன்றாக இருந்த கையால் என் சட்டையைப் பற்றி இழுத்துச் சொன்னான். பொத்தான் ஒன்று பிய்ந்து அவன் கையோடு போனது.

“ஒரு தடவ சொன்னா புரியாதான்னு கோவப்படுறான்மா.”

அப்பாவின் கோபத்துக்குப் பயந்தே வளர்ந்த பெண். அத்தோடு கேட்பதை விட்டுவிட்டாள்.

மூச்சுத் திணறல் வந்தது. மெஷின் வரவில்லை. மருந்து கொடுத்தார்கள். அது பிடிக்கும்வரை அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரைத் தேடுறாரு?” என்றாள் மகள்.

“யாரையும் இல்லம்மா. வண்டிய எடுத்தாச்சுங்கிறான்.”

அவள் முகம் தெளிந்தது. அந்த ஆறுதலை வேறு யாரால் கொடுத்திருக்க முடியும்?

சொத்துக்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள்; அப்படி ஒன்றும் இல்லை. பகையும் இல்லை. களைப்பு என்று சொன்னேன் அல்லவா, அது பொய்யில்லை. ஆள்தான் மாறிப்போனது. களைத்துப்போனவன் நாற்காலியில் இருந்தான். மெஷின் வைத்தால் நாற்காலியும் தொடரும். அந்த வயதில், அந்த நாற்காலியில், ஒரு மனிதன் யோசிக்கக்கூடியது அவ்வளவுதான். இப்போது வீட்டில் சொந்தக் கட்டிலில் படுக்கிறேன். தூக்கம்தான் வருவதில்லை. கட்டில் பழக வேண்டும்.

அண்ணன் கிடந்த கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அவருக்கும் அதே பஞ்சுப் பேச்சு. நாளைக்கு டாக்டர் அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார். அவர் மகன் வீடு தேடி வந்துவிட்டான்.

“ஐயா, எங்கம்மா சொல்றதையும் நீங்கதான் கேட்டுச் சொல்லணும். எங்களுக்கு ஒண்ணும் புரியல.”

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கொடுத்த வாக்கைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.

சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். வாய் இழுத்துக்கொண்ட நாள்முதல் அண்ணன் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரிந்ததில்லை.