தற்காலிக மாற்றுப்பாதை

எனக்குக் கூட்டம் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், அதிகாரி ஐயா. ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் வெளியே பார்க்காமல் எதிரே இருப்பவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருகிறவன் நான். கூட்டம் என் படத்துக்குள் வருவதுதான் பிடிக்காது.

உங்கள் பூங்காவின் மேல் ஏரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வசந்தத்தில் பத்தே நாள்தான். பனி உருகி, கரையெல்லாம் மஞ்சள் பூ விரிந்து, மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். அந்தப் பத்து நாளில்தான் ஊர் உலகமே அங்கே வந்து நிற்கிறது. ஆறு வருஷம் விடாமல் போனேன். ஆறு வருஷமும் படத்தில் யாருடைய தொப்பியாவது இருக்கும். ஒரு முறை ஒரு யோகா வகுப்பே இருந்தது. எங்கள் புகைப்படச் சங்கப் போட்டியில் ஆறு வருஷமும் எனக்கு ஆறுதல் பரிசு. போன வருஷம் முதல் பரிசு யாருக்கு என்கிறீர்கள்? என் மனைவியின் அண்ணனுக்கு. மச்சான் போனில் எடுத்த படம் அது. ஓரத்தில் அவர் கட்டைவிரல் தெரிகிறது. நடுவர் அதை ‘உயிர்ப்பு’ என்று சொன்னார்.

“மாப்ள, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க. சும்மா அமுக்குங்க, வந்துரும்” என்று மச்சான் என் தோளில் தட்டினார். நான் சிரித்தேன். அன்றைக்கே இந்த வருஷத்துக்கான திட்டத்தைத் தொடங்கிவிட்டேன்.

திட்டம் முழுவதும் ஒரே தாளில் இருந்தது. சூரியன் எழுவது ஆறு பன்னிரண்டு. வெளிச்சம் ஏரியைத் தொடுவது ஆறு முப்பத்தொன்று. வண்டி நிறுத்துமிடம் ஐந்து மணிக்குத் திறந்ததுமே நிரம்பிவிடும். அங்கிருந்து நடப்பவர்களும் முதல் பஸ்ஸில் வருகிறவர்களும் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு ஆறு மணிக்கு வந்து சேருவார்கள். கடைசி வரிசையில் ‘மனிதர்கள்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அதற்கு எதிரே இருந்த கட்டம் மூன்று வாரம் காலியாகவே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் என் தொழில் கைகொடுத்தது. நான் அறிவிப்புப் பலகை செய்கிறவன். ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’, ‘தரை ஈரமாக உள்ளது’, எல்லாம் என் பட்டறையில் செய்ததுதான். முப்பது வருஷத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். வாயால் சொன்னால் சண்டைக்கு வருகிற ஆள்கூட, பலகையில் எழுதியிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவான்.

முதலில் ‘கரடி நடமாட்டம்’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, எழுதவில்லை. எழுதியிருந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு இன்னும் முந்நூறு பேர் வந்திருப்பார்கள். மனிதனை விரட்டுவதற்குப் பயம் உதவாது, அலுப்புதான் உதவும். அதனால் ‘பாதை பராமரிப்புப் பணி. தற்காலிக மாற்றுப்பாதை’ என்று எழுதி, வலது பக்கம் ஓர் அம்புக்குறி போட்டேன். கீழே ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சேர்த்தேன். அந்த வரியை மனதாரத்தான் எழுதினேன்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்னங்க, கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷமாச்சு. இந்தத் தடவை ஏரிக்கரையில என்னை ஒரே ஒரு படம் எடுங்களேன்” என்றாள். பார்க்கலாம் என்றேன். அதற்காகவே ஒரு சிவப்புக் கோட்டு வாங்கியிருந்தாள். மஞ்சள் பூவுக்கு நடுவே சிவப்பு, கண்ணைக் குத்தும். அதை அவளிடம் சொல்லி மனதை நோகடிக்க நான் விரும்பவில்லை. அவளுக்கும் மச்சானுக்கும் முதல் பஸ்ஸில் இடம் போட்டுவிட்டு, வண்டி நிறுத்த இடம் பிடிக்கிறேன் என்று நான் முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

ஐந்து நாற்பதுக்குப் பலகையை நட்டேன். லேசான நீல வெளிச்சம் அதன் மேல் பக்கவாட்டில் விழுந்தது. அழகாக இருந்தது. ஒன்பது படம் எடுத்தேன். திரும்பி வரும்போது பலகையைப் பிடுங்கி ஓடையில் வீசியவன் அந்தப் படங்களை மட்டும் அழிக்கவில்லை. அவைதான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கின்றன. நல்ல படத்தை அழிக்க எனக்குக் கை வராது, என்ன செய்ய?

ஏரிக்கரையில் நாற்பது நிமிஷம் நான் மட்டும்தான் இருந்தேன். ஒரு தலை இல்லை, ஒரு தொப்பி இல்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். கீழேயிருந்து சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. படத்தில் சத்தம் பதிவாகாது.

மாற்றுப்பாதை எங்கே போகிறது என்று தெரியாது என்று முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். பனி உருகிய தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கி, சேற்று நிலமாகிவிடுகிறது. போன மாதம் இடம் பார்க்க வந்தபோது என் இடது கால் முழங்கால் வரை உள்ளே போனது. கால் திரும்பி வந்தது, ஷூ வரவில்லை. ஆகவே தெரியும். ஆனால் அது முழங்கால் ஆழம்தான் என்று நினைத்திருந்தேன். நடுவில் இடுப்பு வரை போகும் என்பது எனக்கே புதிய செய்தி.

நூற்று நாற்பத்து மூன்று பேரைக் கயிறு போட்டு இழுத்தீர்கள். உயிர்ச்சேதம் எதுவுமில்லை என்பதை வாக்குமூலத்தில் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மச்சானின் போன் சேற்றோடு போனது என் திட்டத்தில் இல்லை. போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. அத்தனை பேரும் தலை முதல் கால் வரை சேறாக நின்றபோது, ஷூ பளபளக்க மேலேயிருந்து இறங்கி வந்தது நான் ஒருவன்தான். நீங்கள் என்னைப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

நடுவில் இடுப்பு வரை போயிருந்தது என் மனைவிதான். அவளைத்தான் கடைசியாக எடுத்தீர்கள், நாலு மணி நேரம் கழித்து. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். நான் பக்கத்தில் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“எல்லாரும் தயங்கி நின்னாங்க. கடைசியில நின்ன எனக்கு அம்புக்குறியைப் பார்த்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சு போச்சு” என்றாள். “என்னைப் படம் எடுக்கத்தான் எங்கயோ நல்ல இடமா பார்த்து வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். இது என் வீட்டுக்காரர் செஞ்ச பலகை, நம்பி வாங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டேன். நான்தாங்க முதல்ல கால் வச்சேன்.”

அதைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், ஐயா. எதையும் மறைக்கப் போவதில்லை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், அத்தனை கூட்டத்துக்குப் பின்னால் நின்றும், அம்பு அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது.