மெக்கானிக்கே நான்தான்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். கதவை மட்டும் ஒரு விரல் அளவு திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஓடிவிட மாட்டேன்.

எனக்கு நகைச்சுவை பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சிடுமூஞ்சி என்றும் சொல்லியிருப்பார்கள். அது தப்பு. மேடையில் தனியாளாக மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கிறார்களே, அவர்களை இருபது வருடமாக விடாமல் கேட்கிறவன் நான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை எனக்கு. மெஷின் ரூமில் எண்ணெய் போடும்போதெல்லாம் காதில் அவர்கள்தான். வங்கியில் வேலை பார்த்த ஒரு குண்டு மனிதர் இருக்கிறார். மேடைக்கு வந்ததும் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். வாயே திறக்கவில்லை, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இன்னொருவர் நர்ஸ் அம்மா. குரலே எழும்பாது. கடைசி வரிசைவரை எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்பார்கள். சாய்ந்த நேரம் பார்த்துப் போட்டுவிடுவார் ஒரு போடு.

இவர்களை ஏன் பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறேன். முதல் அடியைத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். குண்டு மனிதர் தன் வயிற்றைப் பற்றிப் பேசுவார், பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றைத் தொட மாட்டார். கேட்கிற நமக்கும் நிம்மதியாக இருக்கும்.

சின்னவன் அந்த ரகமில்லை. சின்னவன் என் மனைவியின் தம்பி. மேடைப் பெயர் உங்களுக்கே தெரியும், வீட்டில் அவன் சின்னவன்தான். எட்டு வருடம் எங்கள் வீட்டில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்தான். சொல்லிக்காட்டவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன். கெட்டிக்காரன். எங்கே நிறுத்த வேண்டும், எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. நான் பார்த்தவர்களில் அவன்தான் மேல். இதை அவன் அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை.

இப்போது மேடையில் அவன் என்னை வைத்துச் செய்கிற அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஆள் ஒருவர் என்னைக் கூட்டி வரும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. விடுமுறை நாளில் ஒரு துணிக் கிடங்கில் சரக்கு லிஃப்டைத் தனியாகப் பார்க்கப் போனேன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். ஐந்து மணி நேரம், கும்மிருட்டு. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு லிஃப்டிடமே பேசினேன். தாயே, கதவைத் திற, இனிமேல் உன்னை ஸ்பேனரால் அடிக்க மாட்டேன் என்று கெஞ்சினேன். கடைசியில் ஸ்பேனர் பெட்டியில் சிறுநீர் கழித்தேன். அன்றிலிருந்து எந்த அறையிலும் நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி, குளிக்கும்போதுகூட ஏன் தாழ் போடுவதில்லை என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் தம்பியிடம் சொன்னாள்.

சின்னவன் அதை மேடையில் செய்வான். என்னைப் போலவே கதவைத் தடவுவான், மூச்சு வாங்குவான், லிஃப்டைத் தாயே என்பான். பெட்டியையும் விடவில்லை. கடைசியில் குரலை உயர்த்தி, "யாராச்சும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்று கத்துவான். நிறுத்துவான். மூன்று நொடி. பிறகு மெதுவாக, "அய்யய்யோ, மெக்கானிக்கே நான்தான்." அந்த வரி நான் சொன்னதல்ல. அவன் சேர்த்தது. நல்ல வரி, ஐயா. அது இல்லையென்றால் அந்தக் கதை வெறும் பரிதாபம், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அது ஊர் முழுக்கப் பரவி ஒன்றரை வருடம் ஆகிறது. நான் ஒரு நாளைக்கு எட்டு, பத்து லிஃப்டில் ஏறி இறங்குகிறவன். என் நீலச் சட்டையைப் பார்த்ததும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், "மெக்கானிக்கைக் கூப்பிடுங்க." கூட இருப்பவர்கள் என் வாயையே பார்ப்பார்கள், மீதியை நான் சொல்வேன் என்று. கதவு மூடியிருக்கும். எங்கே போக? ஆறு மாடி, ஏழு மாடி, அவர்கள் மூச்சு என் கழுத்தில் படும். ஒருமுறை பல் மருத்துவர் ஒருவர் என் பெட்டியைக் கால் நுனியால் தள்ளி, "கழுவிட்டீங்களா" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். பிறகு நான் மாடிப்படியில் ஏறத் தொடங்கினேன். லிஃப்ட்காரன் படியேறுகிறான் என்று அதற்கும் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவமானமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

போன மாதம் சின்னவன் வீட்டுக்கு வந்தான். புது நிகழ்ச்சியைப் படம் பிடித்து உலகம் முழுக்க வெளியிடப் போகிறார்களாம். என் லிஃப்ட் கதைதான் கடைசிப் பகுதி.

"அதை மட்டும் விட்டுடுடா" என்றேன். "இத்தனை நாள் சொன்னது போதும். படமா எடுத்துட்டா நான் செத்த பிறகும் அது இருக்கும்."

"மாமா, உண்மைக்குத்தான் ஜனங்க சிரிக்கிறாங்க. நானும் எத்தனையோ கட்டிச் சொல்லிப் பாத்துட்டேன், எதுவும் இந்த அளவுக்கு எடுபடல."

"உன்னைப் பத்திச் சொல்லேன். உனக்கு மூச்சு இளைப்பு வந்தா நீ எப்படித் துடிப்பேன்னு சொல்லு."

"அதுல என்ன மாமா சிரிப்பு இருக்கு?" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

என் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள், "யானைக்கும் அடி சறுக்கும்ங்க. எல்லாரும் பாசமாத்தான் சிரிக்கிறாங்க. நீங்களும் கொஞ்சம் சிரிச்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

"அதேதான், அக்கா" என்று அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். "மாமா, ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். கூட்டம் தானாச் சிரிக்காது. யாராவது ஒருத்தர் முதல்ல சிரிக்கணும். இந்தக் கதைக்கு அது நீங்கதான். நீங்க முன்வரிசையில உக்காந்து சிரிச்சா, சம்பந்தப்பட்டவரே சிரிக்கிறாரேன்னு எல்லாரும் மனசு உறுத்தாம சிரிப்பாங்க. எனக்காக ஒரே ஒரு தடவை சிரிங்க மாமா."

யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன்.

நிகழ்ச்சி நடக்கிற கட்டடத்து லிஃப்ட்கள் இரண்டும் என் பொறுப்பில்தான் இருந்தன, ஆறு வருடமாக. அரங்கம் ஐந்தாம் மாடியில். பார்வையாளர்களுக்கு முன்பக்க லிஃப்ட். சின்னவன் எப்போதும் பின்பக்கச் சரக்கு லிஃப்டில்தான் மேலே போவான், மேடைக்கு வருமுன் யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்பான். இன்னொரு பழக்கமும் உண்டு. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே பாக்கெட்டைக் காலி செய்துவிடுவான். பாக்கெட்டில் ஏதாவது இருந்தால் கை அங்கேயே போகுமாம், கை போனால் கூட்டத்தின் கண்ணும் போகுமாம். போன், சாவி, இன்ஹேலர் எல்லாம் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவான். அவள் பின்னாலேயே மேலே போய், மேடை ஏறுமுன் இரண்டு இழுப்பு இழுக்கக் கொடுப்பாள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. புழுக்கம் ஆகாது, பதற்றமும் ஆகாது.

முந்தாநாள் படப்பிடிப்பு. மாலை ஆறு மணி. கீழே கூடத்தில் நுழைவு வரிசை வாசல்வரை நின்றது. சரக்கு லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவன் ஒருவன்தான்.

காவலாளி மேசையில் லிஃப்ட் போன் ஒலித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். "லிஃப்ட் நின்னுடுச்சு. இருட்டா இருக்கு. யாராச்சும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து நாலைந்து பேர் ஒரே குரலில், "மெக்கானிக்கே நான்தான்" என்றார்கள்.

"இல்லைங்க, நிஜமாத்தான். என்னால மூச்சு விட முடியல" என்றது ஸ்பீக்கர். அந்த வரியும் நிகழ்ச்சியில் உண்டு.

ஆனாலும் முழுசாகச் சிரிப்பு கிளம்பவில்லை. சின்னவன் சொன்னது சரி, கூட்டம் தானாகச் சிரிக்காது. காவலாளி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நிஜமா? இல்ல நிகழ்ச்சி இங்கேயே ஆரம்பிச்சுடுச்சா?" நீலச் சட்டையைப் பார்த்து வரிசையும் திரும்பியது. என் மனைவி தூண் பக்கத்தில் நின்றிருந்தாள், துணிப்பை தோளில். அவளும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

நான் சிரித்தேன்.

ஒன்றரை வருடத்தில் அதுதான் முதல் தடவை. இவ்வளவு சுலபமாக வரும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குப் பின்னால் கூடமே சிரித்தது, அலை மாதிரி. என் மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். எவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் ஒருவழியாக ராசியாகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

ஸ்பீக்கரில் அவன் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. மேடையில் என்னைப்போல் நடிக்கும்போது அவன் மூச்சை உள்ளே இழுக்கையில்தான் சத்தம் வரும். நிஜ இளைப்பில் வெளியே விடும்போதுதான் விசில் அடிக்கும். எட்டு வருடம் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியும். அன்று வெளியே விடும்போதுதான் அடித்தது. நடுவில் ஒருமுறை "மாமா" என்றான். அது நிகழ்ச்சியில் கிடையாது. அதற்கும் கைதட்டினார்கள்.

நின்றுவிட்டது என்று சற்று முன்பு சொன்னேன். திருத்திக்கொள்கிறேன். என் பராமரிப்பில் இருந்த லிஃப்ட் எதுவும் தானாக நின்றதில்லை. மெஷின் ரூம் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அவன் ஏறியதும் உள்ளே போய் சுவிட்சை அணைத்தேன், கதவைப் பூட்டினேன், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். உள்ளே எரிய வேண்டிய அவசர விளக்கின் மின்கலத்தை முந்தின நாளே கழற்றியிருந்தேன். இருட்டு இல்லாமல் அவனுக்கு எப்படிப் புரியும்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். அவன் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வான், நானும் பன்னிரண்டு நிமிடம்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூடக் கூட்டவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் விசில் நின்றது. கூட்டமும் மெல்ல அடங்கியது. அடுத்த வரிக்காக நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்தார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டேன். எப்போது நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

கதவைத் திறந்தது நான்தான். கைச்சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை இரண்டாம் மாடிக்கு இறக்கித் திறந்தேன், ஒரு கீறல் இல்லாமல். அவன் கதவோடு கதவாகச் சாய்ந்திருந்தான். காலிப் பாக்கெட் இரண்டும் வெளியே இழுபட்டிருந்தன, தேடியிருப்பான் போல. என் மனைவி பையோடு ஓடிவந்தாள். இன்ஹேலரை அவன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். யாரோ வந்து அவள் கையைப் பிடித்து எடுக்கும்வரை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நீங்க சிரிச்சீங்களே" என்றாள். திட்டக்கூட இல்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், ஐயா. சிரிக்கச் சொல்லிக் கேட்டவளே அவள்தானே.

எழுதிக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தது நான். பையில் என்ன இருந்தது என்றும், அது யார் தோளில் இருந்தது என்றும் எனக்குத் தெரியும். லிஃப்டில் கோளாறு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தொழிலுக்குக் கெட்ட பெயர். நான் சிரித்ததையும் விட்டுவிடுங்கள், அது குற்றத்தில் சேராது. அக்காவும் தம்பியும் அவ்வளவு கெஞ்சினார்கள். அவர்களுக்காகத்தான் சிரித்தேன்.