தங்கையின் மூக்கு

உடைந்த மூக்கைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடமாக நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். பந்து பட்டது, கண்ணாடிக் கதவைக் கவனிக்காதது, மச்சானோடு மல்லுக்கட்டியது என்று தினம் ஒரு மூக்காவது வந்துவிடும். ரத்தத்தைப் பார்த்ததும் ஆள் உயில் எழுதாத குறைதான். முன்னால் குனிந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கோணலை நிமிர்த்த அவசரமே இல்லை, வீக்கம் வடிய ஐந்து நாள் போகட்டும்.

அவசரம் ஒன்றே ஒன்றுதான். டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். நடுச்சுவரில் ரத்தம் கட்டிப் புடைத்திருந்தால் அன்றே கீறி வடித்துவிட வேண்டும். விட்டால் குருத்தெலும்பு செத்து, மூக்கு குழிந்துபோகும். புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

என் தங்கை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தாள். பஸ் பிரேக் போட்டதில் முன் சீட்டுக் கம்பியில் மோதியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அந்த எடுப்பான மூக்குக்குத் தனி மரியாதை; என்னுடையது பிறவியிலேயே நடுவில் குழிந்த சப்பை மூக்கு. "பெரியவ படிச்சுப் பொழச்சுக்குவா. சின்னவ மூக்கும் முழியுமா இருக்கா, கவலையே இல்ல" என்பாள் அம்மா. நானும் சிரிப்பேன். என்னோடு படித்த ஒருவரை ஆசையாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் இப்போது தங்கையின் கணவர். அதற்கும் சிரித்தேன்.

"அக்கா, கோணிப்போச்சா?"

"லேசாத்தான். அஞ்சு நாள் கழிச்சு வா, நிமித்திடலாம்."

"ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிட்டு மூச்சே விட முடியல."

"வீங்கினா அப்படித்தான் இருக்கும்."

"நீ இருக்கும்போது எனக்கென்ன" என்று எழுந்து போனாள்.

வேலை நெருக்கடியில் கவனிக்காமல் விட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அன்று கூட்டமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரின் இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாகப் புடைத்திருந்தது. தொட்டேன், மெத்தென்று அமுங்கியது. கத்தி தட்டிலேயே இருந்தது. 'உள்ளே வீக்கம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் வலி தாங்காமல் போன் செய்தாள். மாத்திரையை மாற்றிச் சொன்னேன்.

ஆறாம் நாள் அவளைப் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர்தான் உங்கள் விசாரணைக் குழுவுக்குப் புகார் எழுதியிருக்கிறார். பாவம், அவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. ஒரு மாதம் லீவு போட்டு அவளைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டது நான்தான். நேற்று மருந்துக் கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியா? முகத்துலயே தெரியுதே" என்றார். இத்தனை வருடத்தில் முதல்முறை. அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.