மன்னிப்பு இல்லாத கடிதம்

திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இருந்த இரு பெண்களும் பிபிஏ படிப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"தப்பா எழுதுனது ஏஐ, திருத்துனது நானு. நான் இன்னாத்துக்குடி மன்னிப்பு கேக்கணும்?" என்றாள் ஜன்னலோரப் பெண்.

"கேக்கலன்னா ப்ராஜெக்டுக்கு முட்ட மார்க்குன்னு சாரு சொல்லிட்டாரு," என்றாள் தோழி. "க்ளாஸ்ல எல்லாருந்தான் ஏஐல எழுதினாங்க. நீயும் இல்லன்னு சொல்லிகீலாம்ல?"

"அவரு கேட்டாரு, ஆமான்னேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல லோடு ஏத்துற ஆளுங்கள ஓனரே பொறுக்கி எடுப்பாருன்னு ஏஐ அட்ச்சி வுட்டுச்சு. அவங்க முறை வச்சி ஏத்துறாங்கடி. எங்க நைனா இருவது வருசமா அங்க ஏத்திகினு கீறாரு, எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்தையே மாத்தி எழுதினேன். மத்தவங்க அப்டியே குட்த்துட்டாங்க."

"சரி, லெட்டர எழுது. காலேஜ் வரப் போவுது."

அவள் பையை மடியில் வைத்து எழுதிப் படித்துக் காட்டினாள்.

"ஏஐயிடம் கேட்டேன். அது தவறாகச் சொன்னதைத் திருத்தினேன். சந்தேகம் இருந்தால் சாத்தாங்காட்டுக்கு என்னுடன் வாருங்கள் சார்."

"இதுல மன்னிப்பு எங்கடி கீது?"

"இல்ல," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.