ஆறு சொட்டுக்கு மேல் அறியாதவருக்கு

வறட்சியை வாழவைத்த வள்ளலே! பேனாவுக்கு மை விடும் குழாயால் மாதத்துக்கு ஆறே சொட்டு அளந்து ஊற்றி, ‘சொட்டு சார்’ என்று சொந்தப் பேரையே தொலைத்த கண்ணாடிக்கூடக் காவலரே! வணக்கம்.

ஒரே ஒரு மலை. அதன் வடக்குச் சரிவில், பத்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடும் ஒரே ஒரு பாறை. உலகில் வேறெங்கும் முளைக்காத பாறைக்குட்டி, வேண்டிய நீரைத் தடித்த இலைகளில் தானே சேர்த்துக்கொண்டு, யாரிடமும் கையேந்தாத தன்மானச் செடி. நம் தாவரவியல் தோட்டத்தில் இருந்தது ஒன்று. முப்பத்தொரு ஆண்டுகள் அதைப் பெற்ற பிள்ளைபோல் பேணினீர்கள். பெற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை என்பது உங்கள் வீட்டம்மாவின் கருத்து, முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

“பாவம்னு பார்த்தீங்க, செத்துச்சு.” எங்களுக்கு நீங்கள் செய்த ஒரே உபதேசம் அது.

போன ஆண்டு கண்புரை அறுவைக்காக இருபது நாள் விடுப்பில் போனீர்கள். ஐயா, இனி வருவதைத் தயவுசெய்து உட்கார்ந்தே கேளுங்கள்.

நாங்கள் பாவம் பார்த்தோம். எட்டுப் பேரும். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஆளுக்கொரு குவளை. பத்தாம் நாள் செடி கூழ்.

மானத்தைக் காத்தது ஒன்பதாமவரான தட்டச்சர் அம்மையாரின் மறதி. அந்தச் செடியிலிருந்து என்றோ உதிர்ந்த இலையொன்றைக் காதறுந்த கோப்பையில் மண்போட்டு ஜன்னலோரம் வைத்தவர், இரண்டாண்டு திரும்பியே பார்க்கவில்லை. அது ஜம்மென்று வளர்ந்திருந்தது. தொட்டிக்கு மாற்றினோம். கறுப்புக் கண்ணாடியோடு வந்து குனிந்தீர்கள்.

“என்னம்மா, இப்படி இளைச்சுப் போச்சே?”

“உங்களைக் காணாத ஏக்கம் சார்,” என்றார் தட்டச்சர், முகம் மாறாமல்.

நம்பிவிட்டீர்கள். அன்றிலிருந்து ஒருநாள் விடுப்பில்லை. தங்கை மகள் கல்யாணத்தில்கூட சாப்பிட்ட கை காயுமுன் திரும்பிவிட்டீர்கள். இப்போதோ ஓய்வு பெறும் நாளிலும் அது ஏங்கிவிடுமென்று, மகள் ஊருக்குக் குடிபோக மறுத்து, தோட்டத்துக்கு எதிரே அறை தேடுகிறீர்களாம். வீட்டம்மா வந்து சொன்னதிலிருந்து எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே இந்த ஒப்புதல்.

அது ஏங்கவில்லை ஐயா. உங்களை, எங்களை, யாரையுமே அது தேடாது. நிம்மதியாகப் புறப்படுங்கள். தெளிந்த கண்ணும் திடமான உடலுமாய், வீட்டம்மாவோடு நூறாண்டு வாழுங்கள். உங்கள் மைக்குழாயைத் தட்டச்சரிடமே ஒப்படைக்கிறோம், எப்படியும் மறந்துவிடுவார்.

பிரிவு பெரிது. அழத்தான் செய்வோம். தொட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்று அழுவோம்.

இங்ஙனம்,
குவளை ஊற்றிய எட்டுப் பேரும்,
ஊற்ற மறந்த ஒருவரும்.